பதினான்காம் எண் மீது ஒரு புகார்

“மேலேருந்து துல்லியோ வாத்தியார் வயர்லெஸ்ல சொல்லி அனுப்பியிருக்கார்,” என்றான் காஸ்தோனே. “நீ மழை டயர் மாட்டிக்கிட்டு வரணுமாம்.”

கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டே நிவெஸ் சிரித்தாள். “கையில குடையும் பிடிச்சுக்கணுமா, கேட்டியா அண்ணே?”

தொடக்கக் கோட்டில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அந்த மலைப்பாதை ஒரு சொட்டுத் தண்ணீர் கண்டதில்லை.

மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஒவ்வொன்றாகத்தான் ஏறும். ஆளுக்கு இரண்டு ஓட்டம். இரண்டின் நேரத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். முதல் ஓட்டத்தில் நிவெஸ் அரை விநாடி முன்னால் இருந்தாள். துல்லியோ இரண்டாவதையும் ஓட்டி முடித்து மேலே போய்விட்டான். அவள் ஒருத்திதான் பாக்கி.

இன்று ஜெயிப்பவருக்கு இந்த வருடக் கோப்பை. நாலு வருடமாக அது துல்லியோ வீட்டு அலமாரியில் இருக்கிறது. நாலு வருடமாக அவள் இரண்டாவது.

“மேலே நாலு தூறல் போட்டிருக்காம்,” என்றான் காஸ்தோனே.

“நாலு தூறலுக்கு மழை டயரா? காய்ஞ்ச ரோட்டுல அதைப் போட்டுக்கிட்டுப் போனா மாட்டு வண்டிகூட என்னை முந்தும். அதுதானே அவனுக்கு வேணும்?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவளுடையது எஞ்சின் பின்னால் உள்ள சின்னச் சிவப்புக் கார். காய்ந்த சாலையில், வழவழப்பு டயரில், வளைவுகளைப் பசை போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் அதே கார் தன் வாலை முன்னால் அனுப்பிவிட்டு மூக்கோடு பின்னால் வரும்.

அப்போதுதான் யாருடைய ஸ்கூட்டரிலோ குறுக்குப் பாதையில் துல்லியோவே இறங்கி வந்தான். நேராகப் பந்தய அதிகாரி ரொமில்டாவின் மேஜைக்குப் போய், ஒரு காகிதத்தையும் ஒட்டிய உறை ஒன்றையும் நீட்டினான்.

ரொமில்டா காகிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். “பதினாலாம் எண் காரோட சக்கர அகலம் விதியை மீறியிருக்குன்னு புகார்.”

“என் காரா?” நிவெஸ் காரிலிருந்து குதித்து இறங்கினாள். “காலையில அளந்தீங்களே!”

“எழுத்துல வந்தா மறுபடி அளந்துதான் ஆகணும்மா. நாற்பத்தோராம் பிரிவு.”

அந்தப் பிரிவு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. துல்லியோ உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் சொல்லிக்கொடுப்பவன். அடிக்குறிப்புகளையும் விடாமல் படிக்கும் ஜாதி.

“வாத்தியாரே,” என்றாள் நிவெஸ், “கோழைக்கு லத்தீன்ல என்ன?”

“இக்னாவுஸ்,” என்றான் அவன் சளைக்காமல். “பெண்பாலுக்கு இக்னாவா.” திரும்பிப் பார்க்காமல் ஸ்கூட்டரில் ஏறி மேலே போய்விட்டான்.

அளக்கும் அதிகாரி ஆற்றோர விடுதியில் பாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைத் தேடிக் கூட்டிவரவே இருபத்தைந்து நிமிடம். அவர் நாடாவைப் பிரித்தபோது மழை பள்ளத்தாக்கு வழியாக இறங்கி வந்து எல்லோரையும் நனைத்தது.

“வெயிலைத் திருடிட்டான்யா!” என்று வேலிக்கு வெளியே ஒருவர் கத்தினார். கூட்டம் ஊளையிட்டது.

சக்கர அகலம் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. ஆனால் முக்கால் மணி நேரம் போயிருந்தது. சாலையில் தண்ணீர் ஓடியது. காஸ்தோனே மழை டயரை மாட்டி முடித்துவிட்டுத் தங்கையின் தோளைத் தொட்டான்.

“விட்டுடு நிவெஸ். அவன் காய்ஞ்ச ரோட்டுல போட்ட நேரத்தை இதுல எட்ட முடியாது. காரையாவது முழுசா வீட்டுக்குக் கொண்டு போவோம்.”

“எட்ட முடியாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா நான் ஓட்டாம விட்டுட்டேன்னு அவன் சொல்லக் கூடாது. நகரு.”

ஓட்டினாள். மேலே கடைசிக் கொண்டை ஊசி வளைவில், மழை டயர் இருந்தும், கார் ஒரு முழம் வழுக்கியது. இடப்பக்கம் முழங்கால் உயரச் சுவர். அதற்கப்பால் வெறும் காற்று. பயந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வால் சுற்றிவிடும். அவள் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முடித்தாள்.

பதினோரு விநாடி பின்தங்கியிருந்தாள்.

கார்கள் வரிசையாகக் கீழே இறங்கியதும் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ரொமில்டாவின் மேஜைக்கு வந்தாள். “எங்கே அந்த ஆளு?”

“வீட்டுக்குப் போயிட்டார். கோப்பை உனக்குத்தான்மா. அவர் போட்டியிலேருந்து விலகிட்டார்.”

“விலகிட்டானா? எப்போ?”

“மூணு பத்துக்கு. இங்கே வெயில் அடிச்சிட்டிருந்தப்போ. பதினாலாம் எண் மேலே போய்ச் சேர்ந்த பிறகு பிரிக்கணும்னு உறை மேல எழுதிக் கொடுத்தார். இப்பத்தான் பிரிச்சேன்.”

நிவெஸ் வாங்கிப் படித்தாள். வாத்தியார் கையெழுத்து, முத்து முத்தாக:

‘சக்கர அகலம் சரியாகத்தான் இருக்கும். மூன்று மாத எண்ணெயும் தூசியும் முதல் தூறலில் ஊறி, மேல் வளைவுகள் சோப்பாகிவிட்டன. என் காரே சுவரை உரசித்தான் தப்பியது. நன்றாகப் பெய்து கழுவும்வரை அவளை நிறுத்திவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. சொன்னேன், நம்பவில்லை, அவள் இடத்தில் நானும் நம்பியிருக்க மாட்டேன். காய்ந்த சாலையை அவளிடமிருந்து பறித்தவன் கோப்பையை வாங்கக் கூடாது. என் பெயரை அடித்துவிடவும்.’