பெட்டி மூடியின் சத்தம்

"நாக்கை நீட்டுங்க."

ஐஸ்காரர் நீட்டினார். பேரப்பிள்ளைகள் எடுத்த வயதில், விடிந்ததும் விடியாததுமாக மனைவியிடம் நாக்கைக் காட்டிக்கொண்டு நிற்பது அவருக்கே வெட்கமாக இருந்தது. பச்சையாக இருந்தால் பிஸ்தா, சிவப்பாக இருந்தால் ஸ்ட்ராபெரி, ஒரு நிறமும் இல்லாவிட்டால் வெனிலா என்பது அவளுடைய சட்டம். எப்படிப் பார்த்தாலும் குற்றவாளி அவர்தான்.

விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தம் இன்றைக்கும் சர்க்கரை இருநூற்று நாற்பத்தொன்று என்று காட்டியது. அவள் அதை நோட்டில் எழுதிவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகணும். இன்னிக்கு டாக்டரம்மாகிட்ட போறோம். இந்தத் தடவையும் வழிக்கு வரலேன்னா ஐஸ்கிரீம் மிஷினை வித்துடலாம். நீங்க அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்."

முப்பது வருடமாக அவரே பால் காய்ச்சி, அவரே கடைந்து, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு வெளியே அனுப்பிய கடை. மாடியில் வீடு, கீழே வியாபாரம். மாத்திரைகள் கைவிட்ட பிறகு, நாள் முழுக்க மெதுவாக வேலை செய்யும் இன்சுலினைப் பேனா ஊசியாக எழுதிக் கொடுத்தார்கள். தினமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு ஊசி. பத்து யூனிட்டில் ஆரம்பித்தது, மருத்துவமனையில் கேட்டுக் கேட்டு இருபத்தாறில் வந்து நின்றது. சர்க்கரை மட்டும் இருந்த இடத்தை விட்டு அசைவேனா என்றது.

அவள் கண்ணுக்கு அவர் பாலுக்குக் காவல் வைத்த பூனை. ஆனால் அந்தப் பூனை இரண்டு மாதமாகப் பாலைத் தொடவில்லை என்பதுதான் உண்மை. ருசி பார்க்கும் வேலையைக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பெண் எதை ருசித்தாலும் சூப்பர் என்றாள். பழைய ருசி இல்லையே என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தபோதுகூட, வாயில் ஊறிய எச்சிலை விழுங்கிக்கொண்டு சும்மா இருந்தார்.

அதைவிட அவரைக் குத்தியது இன்னொன்று. தினமும் காலை ஆறு மணிக்கு அவர் தூங்குவதாக நினைத்து மனைவி கீழே கடைக்கு இறங்கிப் போவாள். கொஞ்ச நேரத்தில் ஐஸ்கிரீம் பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்கும். பிறகு டப்பென்று மூடும் சத்தம். டப்பாக்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து பார்க்கிறாள், வேறென்ன? வாய்விட்டுக் கேட்க அவருக்கு ரோஷம். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளே திருடனைப் போல வேவு பார்க்கிறாளே என்று போர்வைக்குள் படுத்துக்கொண்டு புழுங்குவார்.

ஏழு மணிக்கு அதே கை அவருக்கு ஊசி போடும். அவருக்கு ஊசி என்றால் பயம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். சில்லென்று இருந்தால் வலிக்குமாம், அதனால் பேனாவை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருப்பாள். அந்தப் பரிவைக்கூட மனம்விட்டு ஏற்க முடியாதபடி மூடியின் சத்தம் காதில் நின்றது.

மருத்துவமனையில் டாக்டரம்மாவைப் பார்ப்பதற்கு முன் நர்ஸ் அவர்களை உட்காரவைத்து நோட்டைப் புரட்டினாள். மனைவி முந்திக்கொண்டாள். "மருந்து மேல தப்பு இல்லம்மா. இவரு திருட்டுத்தனமா ஐஸ்கிரீம் சாப்பிடறாரு."

ஐஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரெண்டு மாசமா ஒரு சொட்டு என் நாக்குல படலைம்மா. தினம் ஆறு மணிக்கு இவளே போய்ப் பெட்டியைத் திறந்து அளவு பார்க்கறா. ஒரு கரண்டியாவது குறைஞ்சிருக்கான்னு இவளையே கேளுங்க."

"அளவா?" மனைவி விழித்தாள். "நான் எதுக்கு அளவு பார்க்கப் போறேன்?"

நர்ஸ் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நேரம் தவறாமல் போடுகிறார்களா, தினமும் ஊசி முனையை மாற்றுகிறார்களா, வயிற்றில் இடம் மாற்றி மாற்றிக் குத்துகிறார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் மனைவியிடம் சரியான பதில் இருந்தது.

"மருந்தை எங்க வைக்கறீங்க?"

மனைவியின் முகம் மலர்ந்தது. "அதுல மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. குளிர்ச்சியா வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க? வீட்டு ஃப்ரிட்ஜைப் பேரப்பிள்ளைங்க நாளைக்கு நூறு தடவை திறந்துடும். அதனால கடையில ஐஸ்கிரீம் பெட்டியில, அடி அடுக்குல, கல்லு மாதிரி உறைய வெச்சிருக்கேன். தினம் ஆறு மணிக்கே போய் எடுத்துட்டு வந்து, கையில தேய்ச்சுத் தேய்ச்சு இளக வெச்சுத்தான் இவருக்குப் போடறேன்."

நர்ஸ் நோட்டை மூடினாள். "ஒரு தடவை உறைஞ்சுட்டாலே அது வேலை செய்யும்னு நம்ப முடியாதும்மா. தூக்கித்தான் போடணும். புதுசு முழு வேகத்துல வேலை செய்யும், அதனால புதுப் பேனாவுல எத்தனை யூனிட்டுன்னு டாக்டரம்மா சொல்லாம போட்டுடாதீங்க."

மனைவி தலை நிமிரவில்லை. ஐஸ்காரர் அவளுடைய கைகள் இரண்டையும் எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். அவை சில்லிட்டுப் போயிருந்தன.