ஆபீஸ் சத்தம்

கலையரசியைப் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்திருந்தாள். அம்மாவின் பட்டன் போனும் மகளின் ஸ்மார்ட்போனும் ஒரே பிளக்கில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன.

"உன்கிட்ட இல்லாத ஆப்பே இல்லையாமே?" என்றது பட்டன் போன்.

"இருந்து என்னக்கா? இவ தேடுறது மட்டும் கிடைக்கல. பேசும்போது பின்னால ஆபீஸ் சத்தம் கேக்க வைக்கிற ஆப் வேணுமாம். வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு. அம்மாவுக்குத் தெரிஞ்சுடுமோன்னு பயந்து சாகுறா. நீயும் சொல்லிடாதே."

பட்டன் போன் சிரித்தது. "அம்மாவுக்கு எப்பவோ தெரியும். முன்னெல்லாம் பகல்ல கூப்பிட்டா இவ எடுக்கவே மாட்டா. இப்போ முதல் ரிங்லயே எடுக்குறாளே!"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"அவளே சொல்லட்டும்னு இருக்கா."

ஸ்மார்ட்போனுக்கு மனசு கேட்கவில்லை. "பாவம்க்கா இவ. இனிமே அம்மா கூப்பிட்டா, அஞ்சாறு ரிங் போன பிறகுதான் நான் சத்தமே போடுவேன். வேலையில இருக்கான்னு நினைச்சுக்கட்டும்."

"அடி அசடே, அதை மட்டும் செஞ்சுடாதே," என்று பதறியது பட்டன் போன். "என் பொண்ணு முதல் ரிங்லயே எடுத்துடுறான்னு அம்மா தெருவுல ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லி வெச்சிருக்கா."