கோல் நின்ற இடம்

கென்டக்கி மலையில் ஏசா செத்தது, வெடிமருந்து கெட்டித்திருந்த பழைய துப்பாக்கிக் குழாயைத் தெரியாமல் நெருப்பில் காட்டியதால். அவன் மனைவி டெல்ஃபியாவை இப்போது கட்டியிருப்பவன் ஏசாவின் தம்பி கேலப்.

மருந்திடிக்கும் கோலைச் செருகும் பித்தளை வளையங்களைப் புதுக் குழாயின் அடியில் ஈயத்தால் பற்றவைக்க, கேலப் கரியை மூட்டினான்.

"உள்ள மருந்து இருக்கான்னு கோல் விட்டுப் பாத்தியா?" என்றாள் டெல்ஃபியா.

"அடியே, ரெண்டு பக்கமும் இன்னும் திறந்துதான் கெடக்கு. கண்ணை வெச்சா உன் மூஞ்சியே தெரியுது!"

அவள் மனசுக்காகக் கோலை உள்ளே விட்டான். மறுமுனைக்கு நாலு விரல் முன்பே, மருந்து இருந்தால் நிற்கிற இடத்தில், அது நின்றது. உருவிவிட்டுப் பார்த்தான். ஜன்னல் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது. மறுபடி விட்டான், அங்கேயே நின்றது.

டெல்ஃபியா கோலை வாங்கித் தானே உள்ளே விட்டாள். அது வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்தது.

அவள் தண்ணீர் வாளியைக் கரியின்மேல் கவிழ்த்தாள்.

"உன் அண்ணன் சொன்னா கேளு, கேலப்."