கணக்கு கை மாறியது

நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். சோமனூர் மகளிர் குழுவுக்குப் பாவாத்தாள் கட்ட வேண்டிய பாக்கி. அதனால் குழுவுக்கே பேங்க்கில் புதுக் கடன் கிடைக்கவில்லை.

"கேட்டுக் கேட்டு சலிச்சுப்போச்சுங்க. கணக்குக்கு வேற ஆளைப் போடுங்க" என்றாள் குழுவின் கணக்கு எழுதும் கயல்விழி.

இனி நச்சரிக்க ஆளில்லை என்று பாவாத்தாளுக்கு ஒரே குஷி. "நல்லதுங்க அம்மணி! வாரவளாச்சும் கறாரானவளா இருக்கோணும்."

"நாங்களும் அப்படித்தானுங்கக்கா முடிவு பண்ணுனோம்" என்ற தலைவி சாஜிதா பேகம், கணக்கு நோட்டைப் பாவாத்தாளின் மடியிலேயே வைத்தாள். "இனி நீங்கதான் கணக்கு. பாக்கிக்காரங்க ஊட்டுக்கு நீங்களே போகோணும்."

"மொத பாக்கி உங்க ஊடுதானுங்க, அங்க நாயை அவுத்து உடுவாங்க, பாத்துப் போங்க!" என்றாள் கயல்விழி. எல்லோரும் சிரித்தார்கள்.

பாவாத்தாளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆடு விற்று இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பணத்தை இடுப்பிலிருந்து எடுத்தாள்.

"மொத வரவு எம்பட பேர்லயே இருக்கட்டுங்க!" என்று பாக்கி முழுவதையும் எண்ணி வைத்தாள்.