அசாக்கோலின் பிடி

"ஆறு மணித்தியாலம் காயணும் வாப்பா. அதுக்கிடையில தொட்டா றப்பர் கழண்டு கையோட வந்திரும்."

ஹாஜறா கோலைச் சுவரில் சாய்த்து வைத்தாள். சுபஹ் தொழுதுவிட்டு வந்திருந்த முகைதீன்பாவா மணிக்கூட்டைப் பார்த்தார். ஆறு மணி. இன்று வெள்ளிக்கிழமை.

"ஜும்ஆவுக்குச் சரியா இருக்கும்," என்றார்.

அவர் பள்ளிவாசலின் மோதினார். பாங்கு சொல்வதும், கத்தீபு கபூர் லெப்பை மிம்பர் மேடையில் ஏறும்போது அசாக்கோலை எடுத்துக் கொடுப்பதும் அவர் வேலை. அந்தக் கோலை ஊன்றி நின்றுதான் கத்தீபு குத்பாப் பிரசங்கத்தை ஓதுவார். போன வெள்ளிக்கிழமை, கொடுக்கும் நேரத்தில், கோல் விழுந்துவிட்டது. மிம்பரின் படிகளில் தட்டித் தட்டி உருண்டு, முதல் வரிசையில் இருந்தவர்களின் காலடியில் போய் நின்றதாம். ஹாஜறாவுக்கு எல்லாம் கேள்விதான். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை.

பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்கார் அச்சிமுகம்மது சும்மா விடவில்லை. ஒரு கம்பைக் கையில் கொடுக்கத் தெரியாத மோதினாருக்குப் பள்ளி வளவுக்குள் வீடு என்னத்துக்கு என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். இன்னொரு தரம் விழுந்தால் வேறு ஆள் வருவார். வேலை போனால் இந்த வீடும் போகும். "நான் குடுத்த கோல்தான் மரைக்கார்," என்று மட்டும் வாப்பா சொன்னாராம்.

அதைக் கேட்ட பிறகுதான் ஹாஜறாவுக்குக் கொல்ப் தடியின் நினைவு வந்தது.

அவள் புருசன் முனாப்புக்கு நுவரெலியாவில், கொல்ப் மைதானத்தில் வேலை. பெருநாளைக்கு வந்தபோது பந்தடிக்கும் தலை முறிந்த தடி ஒன்றைக் கொண்டுவந்தான். அன்றிலிருந்து அது முற்றத்தில் காகம் விரட்டிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த கைக்கும் வழுக்காத றப்பர் பிடி என்று அவன் பெருமையாகச் சொல்லியிருந்தான். பழைய பிடியைக் கழற்றிப் புதுத் தடிக்குப் போடும் விதத்தையும் சொல்லியிருந்தான்.

வெட்டினால் பிடி வீணாகிவிடும். நேற்று சைக்கிள் ஸ்போக் கம்பியை ஓரத்தால் நுழைத்து, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக உள்ளே விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து முறுக்கி இழுத்தாள். பாம்புச் சட்டைபோல முழுதாகக் கழன்று வந்தது. பிடி ஏறுவதற்குக் கோலை எந்த இடத்தில் மெல்லிதாக்க வேண்டும் என்று கேட்டாள்.

"உச்சியில. ஒரு சாண்," என்றார் வாப்பா. கண்ணாடித் துண்டால் அவரே சுரண்டிக் கொடுத்தார்.

இன்று விடியற்காலையில் சைக்கிள் ரியூப் ஒட்டும் சொலூசனைப் பெற்றோலில் கரைத்துத் தடவி, ஒரே மூச்சில் ஏற்றிவிட்டாள். பாதியில் நின்றால் அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

வாப்பா கோலுக்குப் பக்கத்தில் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்கிப் பிடிக்காட்டியும் நிக்குமா மகள்?"

"மெல்லத் தொட்டாலே ஒட்டிக்கிட்டு நிக்கும் வாப்பா."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. வாப்பாவுக்கு இறுக்கிப் பிடிக்கவும் ஏலாமல் போய்விட்டதா? நல்லெண்ணெயைச் சூடாக்கி அவருடைய விரல்களில் தேய்த்துவிட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பத்து மணிக்குக் கபூர் லெப்பை வந்தார். உள்ளே வந்ததும் சுவரோரம் இருந்த கோலைக் கண்டு அதன் அருகே போய் நின்றார்.

"பாவா, நான் போய் மரைக்காரோட கதைக்கட்டா?"

"வேணாம் லெப்பை. நீங்க இண்டைக்கி வந்து ஓதுங்க. அது போதும்."

வாப்பாவுக்காகப் பரிந்து பேச ஒருவராவது இருக்கிறாரே என்று ஹாஜறாவுக்கு ஆறுதலாக இருந்தது. தேத்தண்ணி கொண்டுபோனாள். லெப்பை கை நீட்டுமுன் வாப்பா கிளாஸை வாங்கி, கோப்பையில் ஊற்றி ஆற்றி, விரலால் தொட்டுப் பார்த்த பிறகே சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பதுபோலக் கொடுத்தார். வேலைக்காக இவ்வளவு பணிந்துபோக வேண்டுமா என்று அவளுக்குக் கூச்சமாகிவிட்டது. உள்ளே போய்விட்டாள்.

பன்னிரண்டு மணியானது. இரண்டு கையாலும் றப்பரை முறுக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

"பிடிச்சுப் பாருங்க வாப்பா."

அவர் எழுந்து வந்து கோலை வாங்கினார். இரண்டு கைகளும் கோலின் நடுவில், வெறும் மரத்தைப் பற்றின. விரல்கள் துளியும் நடுங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் செய்கிற பழக்கத்தில், கோலின் உச்சியை மெதுவாக அவள் பக்கம் நீட்டினார்.

றப்பர் பிடி அவளுடைய உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

ஹாஜறா அதைப் பார்த்தாள். பிறகு வாப்பாவின் கைகளைப் பார்த்தாள்.

"நீங்க பிடிக்கிற இடம் இது இல்லியே வாப்பா. மறுகா என்னத்துக்கு உச்சியில போடச் சொன்னீங்க?"

அவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்பக்கம் பார்த்தார். ஒருவரும் இல்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிராத மகள். லெப்பைக்கு ரெண்டு கை விரலும் மரத்துப் பொயித்து. கோல் கையில இருக்கா, விழுந்திட்டா எண்டு அவருக்கே தெரியா."