ஏ-சானுக்கு ஒரு கேள்விக் கடிதம்

“கதவைச் சாத்துங்க. பேரை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லிடாதீங்க” என்றார் குராமொச்சி.

செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. ‘மிசுதோரி’ வார இதழின் ஆசிரியர் குழுக் கூட்டம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி தலைமை ஆசிரியர் குராமொச்சி. அவருக்கு இடப்பக்கம் துணை ஆசிரியர் நுமாஜிரி, கையில் பாதி கடித்த சோற்றுருண்டையோடு. கதவோரம் நிருபர் இசோகாய். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒன்பது காலி நாற்காலிகள். ரயில் நிலையக் கடைகளில் காலையில் குவியும் ‘மிசுதோரி’ மாலைக்குள் தீர்ந்துபோன காலத்தில் அத்தனையிலும் ஆள் இருந்தது.

இரண்டாயிரத்து ஐந்நூறாவது இதழுக்கு இன்னும் மூன்று வாரம். அதற்காகப் பத்திரிகையின் வரலாற்றை எட்டுப் பக்கத்தில் எழுதும் வேலை இசோகாயுடையது.

“வரலாறு எழுதுன்னா, முதல் அட்டைப்படம் ஒண்ணு, அழகு நிலையத்துல தலையைக் காயவெச்சுக்கிட்டே பொம்பளைங்க நம்ம பத்திரிகை படிக்கிற படம் ஒண்ணு, அதோட முடிச்சிருக்கலாம்ல? நீ என்னடான்னா வெடிகுண்டைக் கொண்டு வந்திருக்கே” என்றார் நுமாஜிரி.

இசோகாய் எழுந்து வந்து, மடித்த துண்டுக் காகிதம் ஒன்றை குராமொச்சியின் முன் வைத்தாள். அது அந்த அலுவலகத்தின் பழைய வழக்கம். சம்பந்தப்பட்டவருக்குக் கேள்விக் கடிதம் போகிறவரை, அவர் பெயர் செய்தி கொண்டுவந்தவருக்கும் தலைமை ஆசிரியருக்கும் மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு அவர் வெறும் ‘ஏ-சான்’, அதாவது ‘திருவாளர் ஏ’.

குராமொச்சி பிரித்துப் படித்தார். நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“சொல்லு.”

“முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி நடிகை மினெகாவாவோட வீட்டுக்காரர் இறந்துபோனார். அவரை எரிச்ச அன்னிக்கு சாயங்காலமே அவங்க ஒரு ஆம்பளையோட விலாங்கு மீன் கடையில சிரிச்சுச் சிரிச்சு சாப்பிட்டாங்கன்னு ஏ-சான் சொன்னார். நம்ம பத்திரிகை நம்பிப் போட்டுது.”

“ஞாபகம் இருக்கு. நான் அப்ப பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். எங்கம்மா வீட்டுல இருந்த அவங்க படத்தையெல்லாம் கிழிச்சு எறிஞ்சாங்க” என்றார் நுமாஜிரி.

“அவங்க அங்க சாப்பிட்டது அவர் சாகறதுக்கு மூணு வாரம் முன்னாடி, நுமாஜிரி-சான். கூட இருந்தது கூடப்பிறந்த தம்பி. கடையோட பழைய முன்பதிவு நோட்டைப் பார்த்துட்டேன். செய்தி வந்த மறுவாரமே கடைக்காரர் இதை ஏ-சான்கிட்ட சொல்லியிருக்கார். அவர் வாயே திறக்கலை. மினெகாவாவை அப்புறம் யாரும் நடிக்கக் கூப்பிடலை.”

“அவங்களைப் பார்த்தியா?” குராமொச்சி காலிக் கோப்பையைக் கையில் எடுத்தார்.

“நிகாதா ஊர்ல சலவைக்கடை வெச்சிருக்காங்க. மன்னிப்பெல்லாம் வேண்டாமாம். ‘தேதியை மட்டும் சரியாப் போடுங்க’ன்னாங்க.”



“ஏ-சான் இப்ப எப்படி இருக்காராம்?” என்று கேட்டார் நுமாஜிரி.

“பெரிய பேரோட இருக்கார். சீக்கிரம் ஓய்வு பெறப்போறார். ஹோட்டல் மண்டபத்துல முன்னூறு பேருக்கு விழா.” இசோகாய் தலையை நிமிர்த்தவில்லை. “எத்தனையோ பேரை வளர்த்துவிட்டவர். அதான்... இதைப் போடணுமான்னு...”

நுமாஜிரி சிரித்துவிட்டார். “அடடா! மினெகாவா நடிப்பை விட்டுப் போனப்ப எவன் விழா எடுத்தான்? எடிட்டர், தயவு பார்க்காதீங்க. மண்டபம் புடிச்சிருக்கானே ஒரு பாவி, அவனை நினைச்சாத்தான் சிரிப்பா வருது!”

“இந்த மேசையில இதுவரைக்கும் யாருக்காவது தயவு பார்த்திருக்கோமா?” என்றார் குராமொச்சி.

“இல்லை” என்றார் நுமாஜிரி.

“அப்ப கடிதம் போகட்டும்.”

இசோகாய் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். “முதல் கேள்வி. அந்தச் செய்தி பொய் என்பது தங்களுக்குத் தெரியுமா?”

குராமொச்சி சிவப்புப் பேனாவை எடுத்தார். “‘தெரியுமா’ன்னு கேட்டா ‘ஞாபகம் இல்லை’ன்னு தப்பிச்சுக்கலாம். ‘எந்தத் தேதியில் தெரிந்தது’ன்னு கேளு.”

“இரண்டாவது. தெரிந்த பிறகும் முப்பத்தோரு ஆண்டுகள் ஏன் பேசாமல் இருந்தீர்கள்?”

அதில் அவர் கைவைக்கவில்லை.

“மூன்றாவது. மினெகாவா அவர்களிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறீர்களா?”

அதை அடித்துவிட்டார். “அவங்க கேக்காததை நாம கேக்க வேண்டாம்.”

“எடிட்டர், இதை நேர்லயே...” என்று இழுத்தாள் இசோகாய்.

“எல்லாருக்கும் தபால்லதானே போச்சு? இவருக்கும் தபால்லயே போகட்டும். விரைவுத் தபால். வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள பதில் வரணும்.”

உறையில் முகவரியை அவரே எழுதினார். தபால்தலையை ஒட்டி, உறையின் வாயை மூடி, ஒட்டிய இடத்தில் குறுக்கே கோடு கிழித்தார். “நுமாஜிரி, கீழ போற வழியில போட்டுடு.”

தெருமுனைச் சிவப்புத் தபால்பெட்டியின் முன் நின்றுதான் நுமாஜிரி உறையைத் திருப்பிப் பார்த்தார். கடிதம் கிளம்பிவிட்டது, இனி பெயர் ரகசியமில்லை.

அதே தெரு. அதே கட்டடம். நான்காம் மாடி. ‘தலைமை ஆசிரியர் குராமொச்சி அவர்கள்’ என்றிருந்தது.

எழுதியவர் பெயரைப் போடும் வழக்கம் ‘மிசுதோரி’யில் என்றுமே இருந்ததில்லை. முப்பத்தோரு வருஷத்துக்கு முன் அந்தச் செய்தியை எழுதிக் கொடுத்த இளம் நிருபர் யாரென்று நுமாஜிரி ஒருநாளும் யோசித்ததில்லை.

அண்ணாந்து பார்த்தார். நான்காம் மாடி ஜன்னலில் ஒருவர் கைகட்டி நின்று, நுமாஜிரியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எடிட்டரின் விழாவுக்கு மண்டபம் பிடித்த பாவி, உறையைப் பெட்டிக்குள் போட்டார்.