அளவு சரியாகத்தான் இருந்தது

"முகம் தெரியல, கையில க்ளவுஸ் வேற. ஆனா உயரத்தை மறைக்க முடியுமா?" என்றான் தீபக்.

அமெரிக்காவின் மான்மவுத் ஜங்ஷன் ஊரில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். தீபக் வீட்டு வாசலிலிருந்து ஹூடி போட்ட ஒருத்தன் பார்சலைத் தூக்கிக்கொண்டு போவதைக் கேமரா பிடித்து, தீபக்கின் போனுக்கு அனுப்பியிருந்தது.

"நாம எதுவும் ஆர்டர் பண்ணலையே," என்றாள் மனைவி பிரீத்தி.

"யாராவது கிஃப்ட் அனுப்பியிருக்கலாம். கைரேகை முறை வர்றதுக்கு முன்னாடி போலீஸ் திருடனை எப்படிப் பிடிச்சாங்க தெரியுமா? உயரம், முழங்கை, நடுவிரல், காதுன்னு அளந்து வெச்சுப்பாங்க. பேரை மாத்திக்கிட்டு வந்தாலும் மாட்டிப்பான்!"

வீடியோவை நிறுத்தி, வாசல் சுவரின் செங்கல் வரிசைகளை வைத்துக் கணக்குப் போட்டான். உயரம் கிடைத்தது. முழங்கையிலிருந்து விரல்நுனி வரையும் கிடைத்தது. விளையாட்டாகத் தொடங்கியது, இப்போது விட மனமில்லை.

பக்கத்து வீட்டு பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கும் சபரி இதே உயரம்தான். வேலை போய்ச் சும்மா இருக்கிற பையன்.

"இந்த அளவுல ஊர்ல நூறு பேர் இருப்பாங்க," என்றாள் பிரீத்தி.

தீபக் காதில் வாங்கவில்லை. சபரியைக் காபிக்குக் கூப்பிட்டான்.

"ஒரு எக்ஸ்பெரிமென்ட். வாசல்ல அப்படியே நில்லு."

சபரி சிரித்துக்கொண்டே கையை மடக்கிக் காட்டினான். தீபக் டேப் வைத்து அளந்தான். அளவு துளியும் பிசகவில்லை.

தீபக் போனை நீட்டினான். "இது நீதானே?"

சபரியின் சிரிப்பு நின்றது. உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த தீபக்கின் அப்பா கிட்டுசாமியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்தினான்.

"நான்தாண்ணா. ஆனா அது எதிர்வீட்டுப் பார்சல். உங்க அப்பா எடுத்துட்டு வந்து உங்க வாசல்ல வெச்சுட்டார். நான் திருப்பிக் கொண்டுபோய் வெச்சேன்."

"அப்பாவா? எனக்கு அலர்ட் வரலையே!"

"வீட்டு ஆள் முகம்னா அலர்ட் வராதுல்ல? முழு ரெக்கார்டிங்கைப் பாருங்க."

பார்த்தான். பார்சலை அணைத்தபடி, வீடு தெரியாத குழந்தை மாதிரி அப்பா நடந்து வந்துகொண்டிருந்தார்.

"கொஞ்ச நாளாவே வீடு மாறிப் போய் வேற கதவைத் தட்டறார்ண்ணா. யாராவது போலீஸைக் கூப்பிட்டா அவருக்குப் பதில் சொல்லத் தெரியாதே. அதான், நீங்க ஆபீஸ் கிளம்பினதும் ஒரு கண் வெச்சுப்பேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

சபரி தரையைப் பார்த்தான்.

"எப்படிண்ணா சொல்றது? வீட்டுக்குக் கூட்டிட்டு வரும்போதெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இன்னிக்காச்சும் நேரமே வந்தியே, தீபக்கு'ங்கறார்."